மதுரைச் சிறையில் ரிமாண்டில் இருக்கும் தம்பிக்கு யார் துணை?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து எழுதும் நீங்கள் கேட்டிருப்பது இது. இருபத்து நான்கு வயதுத் தம்பி வழிப்பறி வழக்கொன்றில் கைதாகி, மதுரை மத்திய சிறையில் 38 நாட்களாக ரிமாண்டில், அதாவது விசாரணைக் காவலில், இருக்கிறார். இதற்கு முன் அவர்மீது வழக்கு எதுவும் இல்லை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். நீங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறீர்கள். முதல் வாரத்திலேயே ஒரு வக்கீலுக்கு 15,000 ரூபாய் கொடுத்தீர்கள், இப்போது அவர் போனை எடுப்பதில்லை. சிறை வாசலில் ஒருவர், 20,000 ரூபாய் தந்தால் ஜாமீன்தாரர் இரண்டு பேரைத் தாமே கொண்டுவருவதாகச் சொல்கிறார். ரிமாண்டில் இருப்பவர்களுக்கு உதவும் அமைப்பு ஏதாவது உண்டா, இலவச வக்கீலைக் கேட்டால் நீதிபதி தம்பியை இளக்காரமாகப் பார்ப்பாரா என்று கேட்கிறீர்கள். நீங்கள் எழுதிய விதத்தைப் பார்த்தால், நாம் போய்ப் பார்க்காத நாட்களில் அவனை அங்கே யாராவது நினைவில் வைத்திருப்பார்களா என்ற பயமே இந்தக் கேள்விக்கு அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்தப் பயத்துக்குத்தான் முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன்.

மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறேன். சில ஆண்டுகள் சட்ட உதவி வக்கீலாக அரசரடியில் உள்ள சிறைக்குள் வாரந்தோறும் போய்வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உதவி உண்டு, அது தருமம் அல்ல, சட்டப்படியான உரிமை; ஆனால் பெயரும் குற்ற எண்ணும் (முதல் தகவல் அறிக்கையின் எண்) எழுதிய ஒரு தாள் உரிய மேசைக்குப் போய்ச் சேராதவரை அந்த உதவி தானாகத் தேடி வருவது அரிது. 2022ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைச் சிறைவாசிகள். நான்கில் மூவர் தீர்ப்பு வராதவர்களாக இருக்கும் இடத்தில் ஒருவரைத் தனியாக நினைவில் வைக்க எந்த அதிகாரியாலும் முடியாது. ஆகவே அந்த நினைவை வெளியே இருந்து நீங்கள்தான் உண்டாக்க வேண்டியிருக்கிறது. உங்கள் வழக்கின் முதல் தகவல் அறிக்கையையோ ரிமாண்டு உத்தரவையோ நான் பார்க்கவில்லை. ஆகையால் தம்பிக்கு எப்போது ஜாமீன் கிடைக்கும் என்று நான் சொல்லப் போவதில்லை. பார்க்காமலே அதைச் சொல்பவர் எவரையும் நீங்கள் நம்பவும் வேண்டாம்.

இலவச வக்கீல் பற்றி ஐயத்துக்கு இடமே இல்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பிரிவு 12இன்படி, காவலில் இருக்கும் எவரும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர். வருமானச் சான்று கேட்டு யாராவது உங்களை அலையவிட்டால், காவலில் இருப்பவருக்கு அது தேவையில்லை என்று தயங்காமல் சொல்லலாம். முதல் முறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்தப்படும்போதே வக்கீல் இல்லாதவருக்கு வக்கீல் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980 டிசம்பரில் காத்ரி வழக்கிலேயே சொல்லிவிட்டது. இலவச வக்கீலைக் கேட்டதற்காக ஒருவரைத் தாழ்வாகப் பார்த்த நீதிபதி யாரையும் நான் கண்டதில்லை; வக்கீல் இல்லாமல் நிற்பவரைக் கண்டுதான் அவர்கள் சங்கடப்படுவார்கள். 2022இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்த திட்டத்தின்கீழ் நியமிக்கப்படும் சட்ட உதவிப் பாதுகாப்பு வக்கீல்கள் சம்பளத்தில் முழுநேரமாக வேலை செய்பவர்கள். தனியாக வழக்கு எடுக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. ரிமாண்டு முதல் மேல்முறையீடு வரை அவர்களே பார்க்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. உங்களிடம் நகல் எடுக்க, டைப் அடிக்க என்று சொல்லி எவராவது பணம் கேட்டால் அது தவறு. அதை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்கு எழுத்தில் தெரிவிக்கலாம். அந்தச் செயலாளர் சார்பு நீதிபதி நிலையில் உள்ள ஒரு நீதித்துறை அலுவலர்.

அதைக் கேட்கும் வழி மூன்று. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் அம்மா ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுக்கலாம். முத்திரைத்தாளும் கட்டணமும் தேவையில்லை. நீங்கள் திருப்பூரிலிருந்தே 15100 என்ற எண்ணை அழைக்கலாம். தம்பியே உள்ளிருந்து, சிறையில் இயங்கும் சட்ட உதவி மையத்துக்கு வரும் வக்கீலிடமோ சட்டத் தன்னார்வலரிடமோ சொல்லலாம். மூன்றில் முதல் வழியையே நான் விரும்புவேன். போனில் சொன்னது காற்றோடு போய்விட வாய்ப்புண்டு. கையில் கொடுத்த தாளுக்கு இன்னொரு பிரதியில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளலாம். மனுவில் தம்பியின் முழுப்பெயர், தந்தை பெயர், காவல் நிலையம், குற்ற எண், சட்டப்பிரிவுகள், எந்த நடுவர் நீதிமன்றம், ரிமாண்டு செய்யப்பட்ட தேதி, அடுத்த வாய்தா ஆகியவை இருக்க வேண்டும். இவற்றில் ரிமாண்டு தேதி ஏன் முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த விவரங்கள் பல குடும்பங்களிடம் இருப்பதில்லை. நீதிமன்ற வழக்குகளின் நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் காவல் நிலையத்தையும் முதல் தகவல் அறிக்கை எண்ணையும் போட்டுத் தேடிப் பாருங்கள். சில வகை வழக்குகள் தவிர மற்றவற்றின் முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டிருக்கிறது. அதுவும் கிடைக்காவிட்டால் அடுத்த முறை மனு பார்க்கப் போகும்போது தம்பியிடமே கேளுங்கள். நம் ஊரில் சிறைக்குப் போய்ப் பார்ப்பதை ‘மனு பார்ப்பது’ என்றே சொல்கிறோம். அந்தச் சில நிமிடங்கள் பெரும்பாலும் அழுகையிலேயே கழிந்துவிடுவதை எத்தனையோ முறை வெளியில் நின்று பார்த்திருக்கிறேன். காலையிலேயே பஸ் ஏறி வந்து, ஆதார் நகலைக் கொடுத்து, பெயர் கூப்பிடும்வரை வெயிலில் உட்கார்ந்திருந்து, கடைசியில் பிள்ளையின் முகத்தைக் கண்டதும் ‘சாப்டியாப்பா’ என்பதற்கு மேல் அம்மாக்களுக்குப் பேச்சு வராது. அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அம்மாவிடம் ஒரு துண்டுத் தாளில் நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்: எந்தக் கோர்ட், அடுத்த வாய்தா என்றைக்கு, யாருடைய வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாய், வேறு வழக்கு எதிலும் உன்னைச் சேர்த்திருக்கிறார்களா. நான்காவது கேள்வி மிக முக்கியம். ஒரு வழக்கில் உள்ளே இருப்பவரை இன்னொரு வழக்கிலும் கைது காட்டுவது நடக்கக்கூடியது. முதல் வழக்கில் ஜாமீன் வாங்கிவிட்டு வாசலில் காத்து நின்ற பிறகு இரண்டாவது வழக்கைக் கேள்விப்பட்ட குடும்பங்களை நான் அறிவேன்.

தம்பிக்குச் சொல்லியனுப்ப வேண்டியது ஒன்று உண்டு. நடுவர் ஒரே மூச்சில் மொத்த நாளுக்கும் காவல் வைக்க முடியாது. ஒரு முறைக்கு 15 நாட்களுக்கு மேல் போகாமல் காவலை நீட்டித்துக்கொண்டே போக வேண்டும். இந்த நீட்டிப்பு பல நேரம் காணொளியில், ஒரு பெயர் வாசிக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் அவர் வாயைத் திறந்து, ‘ஐயா, எனக்கு வக்கீல் இல்லை, சட்ட உதவியில் வக்கீல் வேண்டும்’ என்று சொன்னால் போதும், அதை நீதிமன்றம் கவனித்தாக வேண்டும். உடம்பில் காயமோ நோயோ இருந்தாலும் அப்போதே சொல்ல வேண்டும். 2020இல் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு அடுத்தடுத்து இறந்ததற்குப் பிறகு, ரிமாண்டு என்பது வெறும் கையெழுத்து அல்ல, நிற்பவரின் உடம்பை ஏறிட்டுப் பார்க்க வேண்டிய நேரம் என்பது தெற்கத்திச் சீமையில் எல்லோருக்கும் தெரியும்.

பணம் வாங்கிய வக்கீலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவர் ஒருவேளை ஜாமீன் மனு போட்டுத் தள்ளுபடி ஆகியிருக்கலாம், அதைச் சொல்லச் சங்கடப்பட்டு ஒதுங்கியிருக்கலாம், போடாமலேயும் இருந்திருக்கலாம். செயலியில் பார்த்தால் தெரிந்துவிடும். நடுவர் நீதிமன்றத்தில் தள்ளுபடி ஆனால் அமர்வு நீதிமன்றமும், அங்கும் இல்லையென்றால் ஒத்தக்கடையில் உள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் இருக்கின்றன. உயர் நீதிமன்றத்துக்கும் தனியாகச் சட்டப் பணிகள் குழு உண்டு. வக்கீலை மாற்றுவது கட்சிக்காரரின் உரிமை. பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குவது வழக்கம். அவர் தராவிட்டால் அதையே குறிப்பிட்டு நீதிமன்றத்தில் மனு செய்து புதிய வக்காலத்தைத் தாக்கல் செய்யலாம். பாக்கிப் பணத்துக்காக வழக்குக் கட்டைப் பிடித்துவைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. கொடுத்த 15,000 திரும்பி வருமா என்பது வேறு விஷயம். அந்தச் சண்டையை இப்போது தொடங்காதீர்கள், நாள் போய்க்கொண்டிருக்கிறது.

இனி நாள் கணக்குக்கு வருகிறேன். என் பதிலில் நீங்கள் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 187இன்படி, ரிமாண்டு ஆன நாளிலிருந்து 60 நாட்களுக்குள் போலீசார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், ஜாமீன் கேட்பது உள்ளே இருப்பவருடைய உரிமையாகிவிடுகிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களுக்கு அது 90 நாள். வழக்கின் கனத்தைப் பார்த்து அந்த ஜாமீனை நீதிமன்றம் மறுக்க முடியாது. ரிமாண்டு ஆன நாளையும் கணக்கில் சேர்த்தே எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் இந்த உரிமை தானாகக் கனியாது. 61ஆம் நாள் காலையில் மனு உள்ளே போயிருக்க வேண்டும். குற்றப்பத்திரிகை முந்திக்கொண்டால் உரிமை போய்விடும். 62ஆம் நாள் பகலில் குற்றப்பத்திரிகை வந்துவிட, அன்று மாலை மனுவோடு வந்து நின்ற வக்கீல்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நாளுக்காக உள்ளே இருந்தவர் மாதக்கணக்கில் விலை கொடுத்தார்.

உங்கள் தம்பிக்கு 60 நாளா 90 நாளா என்பது சட்டப்பிரிவைப் பொறுத்தது. உறுதியாகச் சொல்ல முடியாத இடம் இதில் ஒன்று உண்டு. வழிப்பறியின்போது காயம் ஏற்படுத்தியதாக பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 309(6) போடப்பட்டிருந்தால் ஆயுள் தண்டனைக்கும் இடமுண்டு, ஆகவே 90 நாள். வெறும் 309(4) என்றால் பத்தாண்டு வரை தண்டனை, குறைந்தபட்சத் தண்டனை எதுவும் இல்லை. பழைய சட்டத்தின்கீழ், குறைந்தபட்சத் தண்டனையே பத்தாண்டாக இருந்தால்தான் 90 நாள் என்று 2017இல் ராகேஷ் குமார் பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது. புதிய சட்டத்தின் சொல்லமைப்பு சற்று மாறியிருப்பதால் அரசுத் தரப்பு 90 நாள் என்று வாதிடும். நம் தரப்பு 60 என்று வாதிட வேண்டும். ஆகவே வக்கீலிடம், ‘எது ஆனாலும் 61ஆம் நாள் மனு போட்டுவிடுங்கள்’ என்று சொல்லுங்கள். தள்ளுபடி ஆனாலும் நட்டமில்லை. 38 நாள் என்று நீங்கள் எழுதியது சரியாக இருந்தால் இன்னும் 23 நாள் இருக்கிறது.

இன்னொரு நாள் கணக்கும் உண்டு. அதே சட்டத்தின் பிரிவு 479இன்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் காவலிலேயே கழித்திருந்தால் விடுவிக்கப்பட வேண்டும். மற்றவர்களுக்கு அது பாதி. அதற்கான விண்ணப்பத்தைச் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். பழைய வழக்குகளில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொன்னது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருப்பவருக்கும் கிடைக்காது. பத்தாண்டுக் குற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது மூன்றாண்டு நான்கு மாதம். தம்பி அதுவரை உள்ளே இருக்கும்படி ஆகாது என்றே நினைக்கிறேன், ஆகவே இதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். சின்னக் குற்றத்துக்கு நீண்ட நாள் உள்ளே கிடப்பவர் யாரையாவது அவர் பார்த்தால், அவர்களுக்கு இதைச் சொல்லட்டும்.

ஏழைகளுக்கு உண்மையான தடை பல நேரம் ஜாமீன் உத்தரவு வந்த பிறகுதான் தொடங்குகிறது. சிறைச் சட்ட உதவி மையத்தில் மேசை நாற்காலியும் ஒரு பதிவேடும்தான் இருக்கும். ஒரு நாள் மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்து, ‘சார், எனக்குப் பெயில் வந்துருச்சா வரலையானு மட்டும் பாத்துச் சொல்லுங்க’ என்றான். பார்த்தேன், உத்தரவு வந்து 73 நாள் ஆகியிருந்தது. பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், அவர்களில் ஒருவர் ரத்த உறவினர் என்பது நிபந்தனை. அவனுடைய அம்மாவைத் தேடிப் பிடித்து விசாரித்தோம். இருபதாயிரம் ரூபாய் கட்டினால்தான் மகனை விடுவார்கள் என்று நினைத்து அவர் ஆடுகளை விற்றுக்கொண்டிருந்தார். வீட்டு வரி ரசீது, இறந்துபோன மாமனார் பெயரில் இருந்தது. ஊரில் வேறு யாரும் ரசீது தர முன்வரவில்லை. நாங்கள் நிபந்தனையை மாற்றக் கோரி ஒரு பக்க மனு போட்டோம்; அம்மா ஒருவரின் பிணையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அவன் வெளியே வந்த அன்று, சேர்த்துவைத்த 13,500 ரூபாயை முந்தானையில் முடிந்தபடியே அந்த அம்மா வாசலில் நின்றிருந்தார்.

இதிலிருந்து நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: ‘பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்’ என்றால் அந்தத் தொகையைக் கட்ட வேண்டும் என்று பொருள் அல்ல. குற்றம் சாட்டப்பட்டவர் வாய்தாவுக்கு வராமல் ஓடிவிட்டால் அந்தத் தொகைக்கு நான் பொறுப்பு என்று ஜாமீன்தாரர் எழுதித் தருவதுதான் அது. ரொக்கமாகக் கட்டச் சொல்லும் உத்தரவுகளும் சிலவற்றில் உண்டு. ஆகவே உத்தரவை வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். சிறை வாசலில் நிற்கும் அந்த ஆள் கொண்டுவரும் ஜாமீன்தாரர்களைத் தொடவே வேண்டாம். பொய் ஆவணத்தோடு ஜாமீன் கொடுத்தது தெரியவந்தால் ஜாமீன் ரத்தாகும், அதற்குத் தனி வழக்கும் வரும். 20,000 ரூபாய் கொடுத்து இன்னொரு வழக்கை வாங்கியதாக முடியும். இப்போதே, ஜாமீன் வருவதற்கு முன்பே, அம்மாவும் ஒரு சித்தப்பாவோ மாமாவோ ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புத்தகம், புகைப்படம், வீட்டு வரி ரசீது ஆகியவற்றைத் தயாராக எடுத்துவைக்கட்டும். ரசீது தாத்தா பெயரில் இருந்தால் அதை வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று சில வழிமுறைகளைக் கொடுத்தது. உத்தரவின் நகல் மின்னஞ்சலில் சிறைக்குப் போக வேண்டும். ஏழு நாளில் விடுதலை ஆகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் பிணை கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர் என்று வற்புறுத்துவதையும் தவிர்க்கலாம். மாவட்ட நீதிபதி தலைமையில் ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர் உள்ளிட்டோர் கொண்ட விசாரணைச் சிறைவாசிகள் மறுஆய்வுக் குழுவும் உண்டு. 60 அல்லது 90 நாள் கடந்தும் குற்றப்பத்திரிகை இல்லாதவர்கள், ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருப்பவர்கள், பெண்கள், நோயாளிகள் போன்றவர்களின் பட்டியலை அது பார்க்க வேண்டும். இவையெல்லாம் ஏட்டில் உறுதியானவை. நடைமுறையில் இவை எவ்வளவு சுறுசுறுப்பாக நடக்கும் என்பது ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் மாறும். ஏழாம் நாள் சிறை எழுதுமா என்று காத்திராமல் எட்டாம் நாள் நீங்களே அதே செயலாளருக்கு எழுதிவிடுங்கள்.

பணம்தான் தடை என்றால் மத்திய உள்துறை அமைச்சகம் 2023இல் அறிவித்த ஏழைச் சிறைவாசிகளுக்கான உதவித் திட்டம் இருக்கிறது. அதன் வழிமுறையில் விசாரணைச் சிறைவாசிக்கு 40,000 ரூபாய் வரை ஜாமீனுக்காக நீதிமன்றத்தில் செலுத்த வழிவகுத்தார்கள். பணம் குடும்பத்தின் கையில் வராது. போதைப்பொருள் வழக்கு, ஊழல் தடுப்புச் சட்ட வழக்கு, சட்டவிரோதப் பணப் பரிமாற்ற வழக்கு, உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) வழக்கு ஆகியவற்றுக்கு இது இல்லை. மாவட்ட அளவிலான குழுவின் ஒப்புதல் தேவை; அது வேகமாகக் கிடைத்துவிடும் என்று நம்பிக்கை தர மாட்டேன். பெரும்பாலான ஏழைகளுக்குத் தேவைப்படுவது பணமே அல்ல, நிபந்தனைத் தளர்வுதான் என்பது என் அனுபவம்.

வெளியே வந்த பிறகு தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை வரக்கூடும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது வயிற்றில் அடிப்பது போன்றது. சில வாரங்கள் ஒழுங்காகக் கையெழுத்திட்டபின் தளர்வு மனு போடலாம். ஒரு நாள்கூட விடாமல் போட்டிருப்பதுதான் அந்த மனுவுக்குப் பலம்.

சிறைக்குள் இருக்கும் நாட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தம்பிக்கு வலிப்பு, காசநோய், நீரிழிவு, மனநோய் போன்ற எதற்காவது மாத்திரை இருந்தால் பெரியாஸ்பத்திரிச் சீட்டின் நகலோடு சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுங்கள். சிறை மருத்துவரால் முடியாததற்கு அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். குடிப்பழக்கம் இருந்தவர் திடீரென நிறுத்தும்போது முதல் சில நாட்கள் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். சிறையில் நல அலுவலரும் மனநல ஆலோசகரும் உண்டு. பையன் சாப்பிடவில்லை, யாரிடமும் பேசவில்லை என்று தெரிந்தால் அவர்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தம்பி தண்டனை பெற்றவர் அல்ல. ஆகவே வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது, தண்டனை பெற்றவர்களோடு சேர்த்து வைக்கவும் கூடாது. வக்கீலிடம் பேசும்போது பக்கத்தில் இன்னொருவர் இருந்து கேட்கக் கூடாது என்பது 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டத்திலேயே இருக்கிறது. சாதி பார்த்து அடைப்பதோ வேலை பிரிப்பதோ அரசமைப்புக்கு விரோதம் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும், தென்மாவட்டத்துக்காரர் என்ற முறையில் நீங்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நீங்கள் கேட்காத, ஆனால் நான் சொல்லாமல் விட முடியாத ஒன்று குண்டர் சட்டம். 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டத்தின்கீழ் மாநகரில் காவல் ஆணையரும் மற்ற இடங்களில் ஆட்சியரும், விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்க உத்தரவிட முடியும். உள்ளே ரிமாண்டில் இருப்பவர்மீதும் அது வரலாம். முதல் வழக்குக்காரர்மீது அது எளிதில் வரக் கூடாது. வந்தால், வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் வெளியே வர முடியாது. உத்தரவும் ஆவணக் கட்டும் தம்பியின் கைக்கு வந்த அன்றே அரசுக்கு முறையீடு அனுப்பி, மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போட வேண்டும். அதற்கும் சட்ட உதவி உண்டு. தடுப்புக் காவல் உத்தரவை ஆராயும் அறிவுரைக் கழகத்தின் முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களில் மனைவியும் சின்னப் பிள்ளைகளும் வெளியே இருப்பவர்கள் இருந்தால், ஆட்சியர் அலுவலகத்தின் கீழ் இயங்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு உதவித்தொகை கேளுங்கள். 1098ஐ அழைத்தாலும் வழி காட்டுவார்கள். தாய் சிறையில் இருந்தால் ஆறு வயது வரை குழந்தை அவரோடு இருக்கலாம். கைதானவருக்குச் சம்பவ நாளில் 18 வயது நிரம்பவில்லை என்றால் பள்ளிச் சான்றிதழை உடனே நீதிமன்றத்தில் காட்டுங்கள்; எந்தக் கட்டத்திலும் அதை எழுப்பலாம்.

உங்களுக்குத் திரும்புகிறேன். அம்மா தனியாகப் போய்ப் பேசத் தயங்குவார் என்று எழுதியிருந்தீர்கள். உசிலம்பட்டி நீதிமன்றத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. மதுரைக்குப் பஸ் ஏறுவதற்கு முன் அங்கே மனுவைக் கொடுத்தாலும் மாவட்டத்துக்கு அனுப்புவார்கள். நீங்கள் இன்றிரவே ரிமாண்டு தேதியை ஒன்றாம் நாளாக வைத்துக் காலண்டரில் எண்ணி, 61ஆம் நாளில் வட்டம் போட்டு, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்புங்கள். மனுவின் மேல் மூலையில் அந்தத் தேதியைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை மனு பார்க்கப் போகும்போது தம்பியிடமும் அதே தேதியைச் சொல்லட்டும். வக்கீல் நியமனம் ஆனதும் குற்ற எண்ணையும் போடப்பட்ட பிரிவுகளையும் இங்கேயே எழுதுங்கள், பெயரை எழுத வேண்டாம். 60 நாளுக்கா 90 நாளுக்கா வாதிடுவது என்பதை அப்போது இன்னும் தெளிவாகச் சொல்கிறேன்.